சாளரக் கண்ணாடியும் வெயில்காப்புப் படலமும்



சென்ற தலைமுறையில் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டியோர் வெயிலுக்கு அஞ்சியே வீடு கட்டினர். நாற்சார் வீட்டின் நடுவே முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், ஆள் குனிந்து புகவேண்டிய அளவிற்குத் தாழ இறங்கிய கூரை, சிறிய சாளரங்கள், அவற்றிற்கு மரக் கதவுகள், வெளியே வேம்பும் மாவும். காற்று வரலாம், கதிரவன் வரலாகாது என்பதே அவர்கள் கொண்ட விதி. இன்று நாம் கட்டும் வீடுகளோ வேறு வகையின. பிறநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் அனுப்பும் பணத்தால் எழும் மனைகளில், சுவரின் பாதியைக் கண்ணாடியே கவர்ந்துகொள்கின்றது. ஒளி நிறைந்த கூடம் கண்ணுக்கு அழகுதான். ஆயின் சித்திரை, வைகாசி மாதங்களில் அக்கூடத்திற் பிற்பகல் மூன்று மணிக்கு அமர்ந்திருப்பவர்க்கு அந்த அழகின் விலை விளங்கும்.

அத்தகைய பெரிய சாளரங்களில் வெயில்காப்புப் படலம் ஒட்டுவது இப்போது பெருகிவருகின்றது. வாகனக் கண்ணாடிகளில் ஒட்டக் கண்டு பழகிய அதே இனத்தைச் சேர்ந்த, மெல்லிய பிளாஸ்ரிக் தாளே இது. கடைகளில் இதனை 'ரின்ற்' என்றே கேட்கின்றனர். இதனை ஒட்டுவதால் வரும் நன்மை யாது, தீங்கு யாது, தீங்கின்றி ஒட்டும் முறை யாது என்பன பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். நான் கலைப் பட்டதாரி. பௌதிகவியல் எனது துறையன்று. எனினும், எனது வீட்டில் நிகழ்ந்த ஒரு தவறு இப்பாடத்தை எனக்குக் கற்பித்தது. அதனை முதலிற் கூறிவிடுகின்றேன்.

எங்கள் பழைய வீடு அரியாலையில் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் ஊரோடு ஊராகச் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது அதனை விட்டுச் சென்றோம். மீண்டு வந்தபோது எஞ்சியவை அத்திவாரமும் கிணறுமே. யுத்தம் முடிந்த பின்னர், கனடாவில் வாழும் எனது அண்ணரின் உதவியோடு அதே நிலத்திற் புதுவீடு எழுந்தது. மேற்குப் பார்த்த கூடத்திற்கு ஏழு அடி அகலமும் ஐந்து அடி உயரமும் உடைய ஒற்றைக் கண்ணாடிச் சாளரம் வைத்தோம். எங்கள் அன்னையார் தமது கட்டிலை அதன் அருகிற் போடுமாறு கேட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் படலை தெரியும். வருவோர் போவோரைக் காணலாம். பிள்ளைகள் ஐவரில் நால்வர் கடல் கடந்திருக்கும் தாய்க்குப் படலையைப் பார்த்திருப்பது வெறும் பொழுதுபோக்கன்று.

ஆயின் பிற்பகல் வெயிலை அவரால் தாங்க இயலவில்லை. விடுமுறைக்கு வந்த அண்ணர், கிடைத்தவற்றுள் மிகக் கறுத்த படலச் சுருளொன்றை வாங்கிவந்தார். கறுப்பு மிகுந்தால் குளிர்ச்சியும் மிகும் என்பது அன்று எங்கள் இருவர் துணிபு. ஒரு காலைப்பொழுதில் ஒட்டி முடித்து, அதன் பின்னே தடித்த திரைச்சீலையையும் இழுத்து மூடினோம். நான்காம் நாள், பிற்பகல் மூன்றரை மணியளவில், வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. ஓடிச் சென்று பார்த்தால், கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து புறப்பட்ட ஒரு வெடிப்பு வளைந்து வளைந்து நடுப்பகுதிவரை ஏறியிருந்தது. யாரும் கல் எறியவில்லை, யாரும் தொடவுமில்லை. அன்னையார் சில நிமிடங்களுக்கு முன்னரே எழுந்து அடுக்களைக்குச் சென்றிருந்தார். வெடிப்பைக் கண்ட அவர், பழைய நாள்களின் நினைவில், "எங்கையடா விழுந்தது?" என்றுதான் கேட்டார். அந்த வினா இன்றும் என் செவியில் நிற்கின்றது.

கண்ணாடி ஏன் வெடித்தது என்பதைப் பின்னர் எங்கள் பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டறிந்தேன். அவர் கூறியதன் சாரம் இது.

கண்ணாடி மணலிற் பிறந்த பொருள். வடமராட்சி கிழக்கில் வல்லிபுரம், அம்பன் பக்கங்களிலுள்ள வெண்மணல், அத்தொழிலுக்குரிய சிலிக்கா மணலாகப் பெயர்பெற்றது. மற்றப் பொருள்களைப் போலவே கண்ணாடியும் சூடேறினால் விரியும். ஒரு மீற்றர் நீளமான கண்ணாடி ஒரு பாகை செல்சியசு சூடேறும்போது, ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீளும். 30 பாகை ஏறினால் கால் மில்லிமீற்றருக்குச் சற்று மேலே நீளும். இது சிறு அளவென்று தோன்றலாம். ஆயின் கண்ணாடி வெப்பத்தை விரைந்து கடத்தாது. வெயில் படும் நடுப்பகுதி சூடேறி விரிய முயலும்போது, சட்டத்துள் மறைந்திருக்கும் விளிம்பு குளிர்ந்து விரியாமல் நிற்கும். அப்போது விளிம்பு இழுபடுகின்றது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நடுவிற்கும் விளிம்பிற்கும் இடையில் வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ 30 முதல் 40 பாகைவரை உயருமாயின், சாதாரணக் கண்ணாடி வெடிக்கும் அபாயம் உண்டு. விளிம்பில் முன்னரே சிறு சிதைவு இருப்பின், அதனிற் குறைந்த வேறுபாடே போதும்.

இப்போது எங்கள் சாளரத்தை எண்ணிப் பாருங்கள். கறுத்த படலம் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொண்டது. உறிஞ்சிய வெப்பத்தைக் கண்ணாடிக்கே கொடுத்தது. பின்னிருந்த திரைச்சீலை அவ்வெப்பம் அறைக்குள் கலைந்து செல்லாமல் தடுத்தது. மேலேயிருந்த கொங்கிறீற்றுத் தட்டின் நிழல் கண்ணாடியின் மேற்பாதியிற் கிடந்தது. கீழ்ப்பாதியில் வெயில் எரித்தது. உடைந்த கண்ணாடியைக் கழற்றியபோது, கீழ் விளிம்பில் நகக்கண் அளவான ஒரு சிதைவையும் கண்டோம். நான்கு காரணங்களும் ஒன்றுகூடின, கண்ணாடி பிளந்தது. படலம் ஒட்டிய கண்ணாடிகள் எல்லாம் வெடிக்கும் என்று இதனால் எண்ணவேண்டா. பொருந்தாத படலத்தைப் பொருந்தாத கண்ணாடியில் ஒட்டினால் வெடிக்கலாம் என்பதே பாடம்.

இனி, படலம் வேண்டுமா என்ற வினாவையே முதலில் எழுப்புவோம். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலை அளவில் உள்ளது. ஆதலால் ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி மாத முற்பகுதியிலும், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றான். மார்கழியில் அவன் தெற்கே சாய்ந்தாலும், நண்பகலில் அடிவானிலிருந்து ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்பதால், தெற்குச் சாளரத்திற்கு மேலுள்ள ஓர் அகன்ற தாழ்வாரமே பெரும்பாலும் போதிய காவலாகும். தாழ்வாரத்திற்கு அடங்காதவை காலை வெயிலும் மாலை வெயிலுமே. அவை தாழ்ந்து, கிடையாக, அறையின் உள்வரை பாய்கின்றன. ஆகவே கிழக்கும் மேற்கும் பார்த்த கண்ணாடிகளுக்கே முதலிற் காப்பு வேண்டும். எல்லாச் சாளரங்களுக்கும் ஒருசேரப் படலம் ஒட்டுவது வீண் செலவு.

அடுத்து, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பது, உள்ளே வந்தபின் தடுப்பதிலும் மேலானது. வெளியே ஒரு கிடுகுச் சார்ப்போ, மூங்கிற் தட்டியோ, ஒரு பந்தற்கொடியோ செய்யும் உதவியை விலை மிகுந்த படலமும் முற்றாகச் செய்யாது. மேலும், திறந்த சாளரத்திற் படலத்திற்கு வேலையில்லை. வாடையும் சோளகமும் வீசும் காலங்களில் சாளரத்தைத் திறந்துவைத்துக் காற்றை வாங்குவோர்க்கு, மூடிய கண்ணாடிக்குரிய காப்பு வேண்டியதில்லை. திறக்க முடியாத பெரிய கண்ணாடி, நிழல் அமைக்க இடமில்லாத சுவர், குளிரூட்டி வைத்த அறை என்னும் இடங்களிலேயே படலம் தன் பயனை நன்கு காட்டும்.

படலம் தெரிவு செய்யும்போது நிறத்தை நோக்காமல் எண்களை நோக்குக. நிலத்தை வந்தடையும் சூரிய சக்தியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்களாக வருகின்றது. கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய சிறு பங்கே கழியூதாக் கதிர்கள். நிறமேற்றிய மலிவான படலம், கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பெரிதும் குறைத்து, வெப்பத்தைத் தான் உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய உலோகப் பூச்சுடைய படலம் வெயிலின் ஒரு பகுதியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். செங்கீழ்க் கதிர்களைத் தெரிந்து தடுக்கும் படலங்களும் இந்நாளில் உள்ளன. அவை வெளிறிய தோற்றம் உடையனவாயினும் கறுத்த படலத்தினும் மிகுந்த வெப்பத்தைத் தடுக்க வல்லன. ஆகவே விற்போரிடம் நான்கு எண்களைக் கேளுங்கள்: ஒளியில் எத்தனை வீதம் உள்ளே வரும், சூரிய சக்தியில் எத்தனை வீதம் தடுக்கப்படும், எத்தனை வீதம் உறிஞ்சப்படும், கழியூதாக் கதிரில் எத்தனை வீதம் தடுக்கப்படும். இவற்றுள் மூன்றாவது எண் சிறியதாயிருத்தலே கண்ணாடிக்குப் பாதுகாப்பு. நல்ல படலங்கள் கழியூதாக் கதிரில் 99 வீதத்தைத் தடுக்கின்றன. புத்தகங்களும் திரைச்சீலைகளும் வெளிறுவது இதனால் தாமதமாகும். முற்றாக நின்றுவிடாது, ஏனெனில் ஒளியும் வெப்பமும் கூட வெளிறச் செய்வனவே.

பின்னர் கண்ணாடியை ஆராய்க. உள்ளே கம்பிவலை பதித்த கண்ணாடி, இரு தகடுகளுக்கிடையே பிசின் வைத்து ஒட்டிய கண்ணாடி, இரு தகடுகளுக்கிடையே காற்றடைத்து மூடிய கண்ணாடி, முன்னரே நிறமூட்டிய கண்ணாடி, மிகத் தடித்த கண்ணாடி ஆகியவற்றில், தயாரிப்போரின் அட்டவணை இசைவு கூறினாலன்றிப் படலம் ஒட்டலாகாது. எந்தக் கண்ணாடிக்கு எது பொருந்தும் என்பதைப் பெயர்பெற்ற தயாரிப்பாளர் அட்டவணையாக வெளியிடுகின்றனர்; அதனைக் கேட்டுப் பெறுவது வாங்குவோர் உரிமை. கடைகளில் 'ரெம்பர் கண்ணாடி' எனப்படும் வன்மையாக்கிய கண்ணாடி வெப்ப வேறுபாட்டை நன்கு தாங்கும். பெரும்பாலும் அதன் மூலையில் அதற்குரிய முத்திரை காணப்படும். விளிம்பிற் சிதைவோ வெடிப்போ இருந்தால், அதனை மாற்றிய பின்னரே படலத்தை எண்ணவேண்டும். புள்ளி, பூவேலை முதலிய மேடு பள்ளமுள்ள கண்ணாடிப் பக்கத்திற் படலம் பற்றாது.

இனி, வேலை செய்வோரின் பாதுகாப்பு. பெரிய கண்ணாடியில் ஒருவர் தனித்து வேலை செய்தல் ஆகாது, இருவர் வேண்டும். சவர்க்கார நீர் சிந்தும் தரை வழுக்கும். ஆதலாற் பழைய சாக்கையோ தடித்த துணியையோ விரித்து, அது நகராதிருக்கின்றதா எனப் பார்த்தே நிற்கவேண்டும். ஏணியைக் கண்ணாடியிற் சார்த்தலாகாது. தானே நிற்கும் மடக்கேணியே உகந்தது. சாளரத்தின் கீழ் மின்செருகித் துவாரம் இருப்பின், நீர் தெளிக்கு முன்னர்ப் பிரதான ஆளியை நிறுத்துக. மேல்மாடியில் வேலை செய்வோர் அறையின் உட்புறமிருந்தே ஒட்டவேண்டும். வெயில்மறைப்புத் தட்டின்மேல் இறங்கி நிற்பது உயிரோடு விளையாடுவதாகும். கண்ணாடி சட்டத்தில் ஆடுகின்றதா என முதலில் மெல்லத் தொட்டுப் பார்க்க. ஆடினால், பிடிக்கும் மரப்பட்டியையும் பசையையும் சீர்செய்த பின்னரே அழுத்தித் துடைக்கலாம். சவரத் தகடுகளை எண்ணி எடுத்து, எண்ணி ஒரு தகரப் பேணியிற் போட்டு மூடுக. சிறுவர்களை அப்பக்கம் வரவிடலாகாது.

ஒட்டும் முறையைக் கூறுகின்றேன். வெயில் படாத வேளையைத் தெரிந்துகொள்க. மேற்குச் சாளரத்திற்குக் காலைப்பொழுது, கிழக்குச் சாளரத்திற்குப் பிற்பகல். மின்விசிறியை நிறுத்தித் தூசு அடங்க விடுக. தண்ணீரிலும் கவனம் வேண்டும். நமது குடாநாட்டு நிலத்தடி சுண்ணக்கல். கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி. அந்நீர் உலர்ந்தால் படலத்தின் கீழ் வெண்புள்ளிகள் தங்கிவிடும். எனவே துப்புரவாகச் சேர்த்து வடித்த மழைநீரை அல்லது காய்ச்சி வடித்த நீரைக் கொள்வது நன்று. ஒரு போத்தல் நீருக்குக் குழந்தைகளுக்குத் தலைமுழுகப் பயன்படும் மென்மையான சவர்க்காரத் திரவத்திற் சில துளிகள் போதும்.

கண்ணாடியை அந்நீரால் நனைத்து, சவரத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, பழைய வர்ணத் துளிகளையும் அழுக்கையும் மெல்லச் சுரண்டி எடுக்க. வன்மையாக்கிய கண்ணாடியிற் சுரண்டும்போது கீறல் விழ இடமுண்டு. அங்கே மென்துணியாற் துடைப்பதே மேல். நூல் உதிராத துணியால் விளிம்புகளையும் துடைத்து, இறப்பர் விளிம்புடைய துடைப்பானால் வழித்துவிடுக. படலத்தைச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டுக. ஐந்து அடி அகலச் சுருள்களே பரவலாகக் கிடைப்பதால், உயரமும் அகலமும் அதனை மிஞ்சும் கண்ணாடிக்கு இரு துண்டுகளை விளிம்போடு விளிம்பு பொருத்தவேண்டி வரும்.

படலத்தின் ஒட்டும் பக்கத்தை ஒரு காப்புத் தாள் மூடியிருக்கும். மூலையின் இருபுறமும் ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டி எதிரெதிராக இழுத்தால் தாள் பிரியும். ஒருவர் படலத்தைப் பிடிக்க, மற்றவர் தாளை உரிக்கும்போதே ஒட்டும் பக்கத்தை நன்றாக நனைக்கவேண்டும். கண்ணாடியையும் தாராளமாக நனைக்க. நீர் குறைந்தால் படலம் பட்ட இடத்திலேயே பற்றிக்கொள்ளும். நீர் மிகுந்தால் அதனை நகர்த்தி நேராக்கலாம். நேரான பின், படலத்தின் வெளிமுகத்தையும் நனைத்து, மேற்பகுதியில் நடுவிலிருந்து இருபுறமும், பின்னர் மேலிருந்து கீழுமாகத் துடைப்பானால் வழித்து நீரை வெளியேற்றுக. பெரிய கண்ணாடி வளையும் இயல்புடையது. முழு உடற்பாரத்தையும் அதன்மேற் சாய்க்கலாகாது. கடைசியில், சட்டத்திலிருந்து இரண்டு மில்லிமீற்றர் அளவு இடைவெளி விட்டு, புதிய தகட்டால் ஓரத்தை வெட்டுக. அவ்விடைவெளி வழியே எஞ்சிய நீர் வெளியேறும். சட்டத்தில் முட்டி ஓரம் சுருளாமலும் இருக்கும்.

ஒட்டிய மறுநாள் சிறு நீர்க்கொப்புளங்களும் மங்கலும் தோன்றக்கூடும். அஞ்சவேண்டா, ஊசியாற் குத்தவும் வேண்டா. அவை சில வாரங்களில் உலர்ந்து மறையும். ஒரு மாதம்வரை கழுவாதிருக்க. பின்னரும் அமோனியா சேர்ந்த திரவங்களையும் உரசும் பொடிகளையும் தவிர்க்க. திரைச்சீலையைக் கண்ணாடியோடு ஒட்டத் தொங்கவிடாமல், காற்று ஏறி இறங்க இடைவெளி விடுக.

படலம் செய்யாதவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். திருப்பி ஒளிரும் படலம் பகலில் வெளியார் பார்வையை மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால், வெளியில் நிற்போர்க்கு அறை நன்கு தெரியும். இரவிற்குத் திரைச்சீலையே காவல். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து மக்கள் கண்ணாடிகளில் கடதாசிப் பட்டைகளை ஒட்டினர், சிதறும் துண்டுகளைத் தடுப்பதற்காக. இன்று அதற்கென்றே தடித்த பாதுகாப்புப் படலங்கள் உள்ளன. அவை உடைந்த துண்டுகளைப் பற்றிக்கொள்ளும். சூறாவளி வீசும்போது சட்டத்தோடு கண்ணாடி பெயர்வதைத் தடுத்துவிடும் என்று நம்பலாகாது. மெல்லிய வெயிற்படலத்தை அதற்கு ஈடாக எண்ணுவதும் தவறு. தீப்பற்றினால் உடைத்து வெளியேறவேண்டிய சாளரத்திற் பாதுகாப்புப் படலம் ஒட்டினால், அதுவே தடையாகலாம். அவ்வறைக்கு வேறு வழி உண்டா என்று முதலிற் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டிற்குத் திரும்புவோம். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக வன்மையாக்கிய கண்ணாடியைப் பொருத்தினோம். வெளியே கிடுகுச் சார்ப்பொன்று இறக்கினோம். அதன் பின்னும் வந்த அந்திவெயிலுக்காக, ஒளியிற் பாதியை உள்ளே விடும் வெளிறிய படலத்தை, இம்முறை அட்டவணையைப் பார்த்து, ஒரு காலைப்பொழுதில் இருவராக நின்று ஒட்டினோம். முன்னைய கறுத்த படலம் இருந்த அந்த நான்கு நாள்களிலும், பொழுது சாயும் வேளையில், "தம்பி, படலையடியில ஆர் வந்து நிக்கினம் எண்டு தெரியேல்லை" என்று அன்னையார் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதனைச் செவியிற் கொள்ளவில்லை. கண்ணாடி உடைந்திராவிட்டால் அவர் அந்த இருளையே பழகிக்கொண்டிருப்பார். வயது முதிர்ந்தோர் பல குறைகளை அவ்வாறே பழகிக்கொள்கின்றனர்.

ஆகவே நேயர்களே, படலம் வாங்குமுன் கண்ணாடியை ஆராயுங்கள். கண்ணாடியை ஆராயுமுன் வெயில் வரும் திசையை ஆராயுங்கள். எல்லாவற்றிற்கும் முன்னர், அச்சாளரத்தின் அருகில் இருப்பவர் யார், அவர் அதன் வழியே எதனைக் காண விரும்புகின்றார் என்பதைக் கேட்டறியுங்கள். வெப்பம் குறையவேண்டும், ஆனால் அவருடைய படலை மறையலாகாது.